கணக்கில் பாதி எடை, காரில் நூறு தடை

ஆய்வகத்தில் வென்ற அலுமினியக் கம்பி தொழிற்சாலைக்கு வந்த கதை

கார் பட்டறையில் ஃபோர்மன் டேஷ்போர்டைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே பளபளக்கும் காருக்குள் இப்படியொரு காடா என்று தோன்றும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நூற்றுக்கணக்கான கம்பிகள். அவை கட்டுக்கட்டாக நாடா சுற்றப்பட்டு, கிளை கிளையாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு பிளாஸ்டிக் இணைப்பான் இருக்கும். பட்டறைக்காரர்கள் இதை ‘வயரிங் ஹார்னஸ்’ என்பார்கள். நாம் கம்பித் தொகுப்பு என்று சொல்வோம்.

இன்றைய காரில் உள்ள கம்பிகளை அவிழ்த்து ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகும். வசதிகள் நிறைந்த பெரிய கார்களில் அதைவிட அதிகம். மொத்த எடை 20 கிலோவிலிருந்து 60 கிலோ வரை இருக்கலாம். அதாவது, கம்பி என்ற பெயரில் இன்னொரு பயணியையே கார் எப்போதும் சுமந்துகொண்டு ஓடுகிறது! எடை கூடினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். மின்சாரக் காராக இருந்தால் ஒருமுறை மின்னேற்றி ஓடும் தூரம் குறையும்.

இந்த எடையைக் குறைக்க முடியாதா? முடியும். அதற்கான வழி உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. ஆனால், பாடநூலில் ஐந்து நிமிடத்தில் முடியும் கணக்கைத் தொழிற்சாலையில் நடத்திக் காட்டக் கம்பி தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. ஏன் அப்படி? அதுதான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் கணக்கு

கார்க் கம்பிகள் பெரும்பாலும் செம்பால் ஆனவை. செம்பு மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆனால் கனமான உலோகம். ஒரு கன சென்டிமீட்டர் செம்பின் எடை 8.96 கிராம். அதே அளவு அலுமினியத்தின் எடை 2.70 கிராம் மட்டுமே. விலையிலும் அலுமினியம் செம்பைவிட மலிவு.

ஒரு குறை உண்டு. அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். ஆகவே, அதே மின்தடை வேண்டுமென்றால் கம்பியை 1.6 மடங்கு தடிப்பாக்க வேண்டும். கம்பி தடித்தால் மின்தடை குறையும் என்பது நீங்கள் படித்ததுதான்.

10 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள ஒரு மீட்டர் செப்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 90 கிராம். அதே வேலையைச் செய்ய 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வேண்டும். அதன் எடை சுமார் 43 கிராம். தடிப்பைக் கூட்டிய பிறகும் எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது!

கணக்கு சரி. உலோகமும் புதிதல்ல. ஊருக்கு ஊர் மின்சாரம் கொண்டு செல்லும் உயர் மின்கோபுரங்களில் தொங்கும் தடித்த கம்பிகள் பெரும்பாலும் அலுமினியமே. அப்படியானால் காரிலும் மாற்றிவிட வேண்டியதுதானே?

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. அது கார்களில் நடந்ததன்று, வீடுகளில்.

அமெரிக்க வீடுகள் தந்த எச்சரிக்கை

1960-களின் நடுப்பகுதியில் செம்பின் விலை ஏறியது. உடனே அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட பல வீடுகளில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பிகளைப் போட்டார்கள். ஏறக்குறைய 1965 முதல் 1973 வரை இது நடந்தது. கம்பிகளை இணைக்கப் பயன்படுத்திய சுவிட்சு, பிளக் பாயிண்ட், திருகு எல்லாம் செம்புக்கென்று செய்யப்பட்ட அதே பழைய வகைதான்.

சில ஆண்டுகளில் புகார்கள் வரத் தொடங்கின. பிளக் பாயிண்டுகள் சூடேறின, பிளாஸ்டிக் கருகியது, சில வீடுகளில் தீப்பிடித்தது. அந்நாட்டின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதை ஆராய்ந்தது. 1972-க்கு முன் அலுமினியக் கம்பி போட்ட வீடுகளில் இணைப்புகள் தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செப்புக் கம்பி உள்ள வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அது எச்சரித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சுவருக்குள் ஓடிய நீளமான கம்பியில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முழுக்கக் கம்பியின் நுனியில், இன்னோர் உலோகத்தோடு சேரும் இடத்தில் இருந்தது. நாம் போட்ட கணக்கில் கம்பியின் நீளம் இருந்தது, தடிப்பு இருந்தது, எடை இருந்தது. நுனி மட்டும் இல்லை!

நுனியில் காத்திருக்கும் மூன்று பகைவர்கள்

காரில் ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் செப்புக் கலவையால் ஆன சிறிய உலோக முனை பொருத்தப்படும். முனையின் சிறகுகளைக் கம்பியின்மேல் மடித்து, இயந்திரத்தால் அழுத்திப் பிடிக்க வைப்பார்கள். இதற்குத் தொழிலில் ‘கிரிம்ப்’ என்று பெயர். பற்றவைப்பு இல்லை, திருகு இல்லை. அழுத்தம் ஒன்றே பிடிப்பு. கம்பி அலுமினியமாக மாறும்போது இந்தச் சின்ன இடத்தில் மூன்று தொல்லைகள் வருகின்றன.

முதலாவது, ஆக்சைடு படலம். அலுமினியம் காற்றைத் தொட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. தடிப்பு சில நானோமீட்டர்தான். ஆனால் அது கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாது. கம்பி முனையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், மின்சாரம் மட்டும் சரியாகப் போகாது. தடை உள்ள இடத்தில் வெப்பம் உண்டாகும்.

இரண்டாவது, தளர்ச்சி. அலுமினியத்தை இறுக்கிப் பிடித்தால், நாளடைவில் அது மெல்ல மெல்ல வழிந்து கொடுத்துவிடும். வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். போதாக்குறைக்கு, இரு உலோகங்களும் ஒரே அளவில் விரிவதில்லை. வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், ஒரு மீட்டர் அலுமினியம் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர் நீளும், செம்பு 1.7 மில்லிமீட்டர்தான் நீளும். இயந்திரம் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாடு பிடியை அசைக்கும்.

மூன்றாவது, அரிமானம். வேதியியல் பாடத்தில் மின்வேதிக் கலத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்களை உப்பு நீரில் நனைத்து இணைத்தால் அது ஒரு சிறு மின்கலம். அலுமினியத்தின் நியம மின்முனை அழுத்தம் −1.66 வோல்ட்; செம்பினுடையது +0.34 வோல்ட். இரண்டுக்கும் இடையே 2 வோல்ட் வேறுபாடு. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். நம் நாட்டிலோ கடற்காற்றும் மழையும் உண்டு. உப்பு ஈரம் நுனிக்குள் புகுந்துவிட்டால், அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும்.

காற்றுப்பைக்குச் செல்லும் ஒரு கம்பியின் நுனி இப்படிக் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான் கம்பி தயாரிப்பாளர்கள் கணக்கை மட்டும் நம்பவில்லை.

விடையைத் தேடிய பொறியாளர்கள்

உலகின் பெரிய கம்பித் தொகுப்பு நிறுவனங்களில் பல ஜப்பானைச் சேர்ந்தவை: யாசாகி, சுமிடோமோ, ஃபுருகாவா. இவையும், மேலை நாட்டு நிறுவனங்களும் அலுமினியத்தின் நுனிப் பிரச்சினையை ஒவ்வொன்றாகப் பிரித்து அணுகின.

ஆக்சைடு படலத்தை உடைக்க, முனையின் உட்புறத்தில் நுண்ணிய பள்ளங்களை வெட்டினார்கள். அழுத்தும்போது மென்மையான அலுமினியம் அந்தப் பள்ளங்களுக்குள் பிதுங்கிச் செல்லும். அப்போது பள்ளத்தின் கூரிய விளிம்பில் உரசிப் படலம் கிழியும். உள்ளே இருக்கும் தூய உலோகம் செம்பை நேரடியாகத் தொடும்.

தளர்ச்சியைக் கட்டுப்படுத்த, தூய அலுமினியத்துக்குப் பதிலாகச் சிறிதளவு இரும்பு, மெக்னீசியம் போன்றவை சேர்ந்த கலவைகளை உருவாக்கினார்கள். அழுத்தும் அளவையும் செம்புக்கு இருந்ததைவிடக் கூட்டினார்கள்.

அரிமானத்துக்கு என்ன செய்வது? மின்வேதி வரிசையை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் நீரைத் தடுக்கலாம். ஃபுருகாவா நிறுவனம் செப்புக் கலவைத் தகட்டைக் குழாய்போல் சுருட்டி, தையலை லேசரால் பற்றவைத்து மூடியது. கம்பி அந்தக் குழாய்க்குள் நுழைந்து அழுத்தப்பட்டதும், நீர் உள்ளே செல்ல வழியில்லை. வேறு சில நிறுவனங்கள் இணைப்பின்மேல் பிசின் பூசி, புற ஊதா ஒளியில் அதை இறுக வைத்தன.

ஆக, ஆய்வகத்தில் விடை கிடைத்துவிட்டது. மேசைமீது ஒரு நல்ல முனை இருக்கிறது. கதை முடிந்ததா? உண்மையில் கடினமான பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று நன்றாக இருந்தால் போதாது

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு காரில் 2,000 கம்பி முனைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை 10,000 முனைகளில் ஒன்றை மட்டுமே பழுதாகச் செய்கிறது. 10,000-க்கு 9,999 சரி! தேர்வில் இப்படி மதிப்பெண் வாங்கினால் கொண்டாடுவோம்.

ஆனால் கார் ஓட வேண்டுமானால் 2,000 முனைகளும் சரியாக இருக்க வேண்டும். 0.9999 என்ற எண்ணை 2,000 முறை பெருக்கிப் பாருங்கள். விடை ஏறக்குறைய 0.82. அதாவது 100 கார்களில் 18 கார்களில் குறைந்தது ஒரு பழுதாவது இருக்கும். எந்தக் கார் நிறுவனமும் இதை ஏற்காது. பத்து லட்சத்தில் ஒன்று பழுது என்று குறைத்தாலும், 500 கார்களுக்கு ஒரு கார் பழுதோடு வெளியே போகும்.

ஆய்வாளர் கேட்கும் கேள்வி, “இது வேலை செய்யுமா?” என்பது. தொழிற்சாலை கேட்கும் கேள்வி வேறு. “ஒரு மணி நேரத்தில் சில ஆயிரம் முனைகளை அழுத்தும் வேகத்தில், இரவுப் பணியிலும், புதிதாகச் சேர்ந்த தொழிலாளியின் கையிலும், ஒவ்வொரு முறையும் இது வேலை செய்யுமா? பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் செய்யுமா?”

இதற்கு விடை காண இன்னோர் ஆய்வு தேவைப்பட்டது. முனைகளை 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காட்டு உப்பு நீர்த் தூவலில் நாள்கணக்கில் வைத்தார்கள். உறைகுளிருக்கும் கடும் வெப்பத்துக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். அதிர வைத்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள். குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் கம்பி இழைகள் எப்படி அமுங்கியிருக்கின்றன என்று பார்த்தார்கள்.

அழுத்தும் இயந்திரமும் மாறியது. ஒவ்வோர் அழுத்தத்தின்போதும் விசை எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஓர் உணரி வரைபடமாகப் பதிவு செய்கிறது. நல்ல முனையின் வரைபடத்தோடு அது பொருந்தவில்லையென்றால், ஓர் இழை விடுபட்டிருக்கலாம். இயந்திரம் அந்தக் கம்பியை அப்போதே ஒதுக்கிவிடும்.

எந்தச் சோதனை, எத்தனை முறை, எவ்வளவு மின்தடை வரை அனுமதி என்பதெல்லாம் பொதுத் தரநிலைகளாக எழுதப்பட்டன. அமெரிக்கக் கார் நிறுவனங்களின் கூட்டு ஆய்வு அமைப்பான யுஸ்கார் வெளியிட்ட 21-ஆம் எண் தரநிலை கிரிம்ப் இணைப்புகளுக்கானது. இப்படியொரு பொது அளவுகோல் இருந்தால், சிறிய தயாரிப்பாளரும் எதை எட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் செய்தார்கள். எல்லாக் கம்பிகளையும் ஒரே நாளில் மாற்றவில்லை. பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி போன்றவற்றில் அலுமினியத்துக்கு முதலில் இடம் கிடைத்தது. அங்கே இணைப்புகள் குறைவு, எடைச் சேமிப்பு அதிகம். மெல்லிய கம்பிகளில் ஒரு சிறு பழுதும் பெரிதாகும் என்பதால் அங்கே செம்பு இன்னும் பரவலாக இருக்கிறது.

கைகளா, ரோபோக்களா?

முனை பொருத்திய கம்பிகளை ஒன்றுசேர்த்துத் தொகுப்பாகக் கட்டும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. இங்கே ஒரு வியப்பு. காரின் உடலைப் பற்றவைப்பதும் வண்ணம் பூசுவதும் ரோபோக்கள். ஆனால் கம்பித் தொகுப்பை இன்றும் பெரும்பாலும் மனிதக் கைகளே கட்டுகின்றன. ஒரு பெரிய பலகையில் ஆணிகளும் தாங்கிகளும் இருக்கும். தொழிலாளர்கள் அவற்றின் வழியே கம்பிகளை ஒவ்வொன்றாக ஓட்டி, நாடா சுற்றுவார்கள். மெக்சிகோ, மொரோக்கோ, துனிசியா, ருமேனியா, வியட்னாம் போன்ற நாடுகளில் இந்த வேலை பெருமளவில் நடக்கிறது.

இது எவ்வளவு முக்கியமான வேலை என்பதை உலகம் 2022-இல் உணர்ந்தது. உக்ரேனில் போர் தொடங்கியதும் அங்கிருந்த கம்பித் தொகுப்புத் தொழிற்சாலைகள் பாதிக்கப்பட்டன. சில வாரங்களில் ஜெர்மனியில் வோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ ஆலைகள் சில உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. இயந்திரம் இருந்தது, சக்கரம் இருந்தது. கம்பித் தொகுப்பு இல்லை.

அப்படியானால் ரோபோவிடமே கொடுத்துவிடலாமே? உங்கள் கைப்பேசியின் சார்ஜர் கம்பியைப் பைக்குள் போட்டு எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வடிவத்தில் சுருண்டிருக்கும். கம்பிக்கு நிலையான வடிவம் கிடையாது. இரும்புத் தகட்டை எளிதாகப் பிடிக்கும் ரோபோ இங்கே திணறுகிறது.

பல்கலைக்கழக ஆய்வகங்களில் கம்பியைப் பிடித்து இணைப்பானில் செருகும் ரோபோக்களைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு வரும்போதோ, ஒவ்வொரு கார் மாடலுக்கும் இணைப்பான் வேறு, அளவு வேறு, தகவல் எழுதும் முறையும் வேறு. ஒரு நிறுவனம் தனியாக இதைத் தீர்க்க முடியாது.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்தில் ‘அரீனா 2036’ என்ற ஆய்வு வளாகம் இருக்கிறது. கார் பிறந்து 150 ஆண்டு நிறைவடையும் ஆண்டையே பெயரில் வைத்திருக்கிறார்கள். அங்கே கம்பித் தொகுப்புக்கென்று ஒரு கூட்டு முயற்சி நடக்கிறது. கார் நிறுவனத்தார், கம்பி தயாரிப்பாளர், இணைப்பான் செய்பவர், இயந்திரம் செய்பவர், ஆய்வாளர் என எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்காருகிறார்கள். ரோபோவைக் கெட்டிக்காரத்தனமாக்குவது மட்டுமன்று, ரோபோ பிடிப்பதற்கேற்ப இணைப்பானையும் தொகுப்பையும் எப்படி வடிவமைக்கலாம் என்றும் பேசுகிறார்கள். இத்தகைய வடிவமைப்புக்கென்று டிஐஎன் 72036 என்ற ஜெர்மன் தரநிலையும் வந்துள்ளது.

கைகளால் கட்டிப் பிழைக்கும் தொழிலாளர்களின் கதி என்ன என்ற கேள்வியும் இதில் உண்டு. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த வேலையை நம்பியிருக்கின்றன. தொழில்நுட்பம் மாறும்போது அவர்களுக்குப் புதிய பயிற்சி தருவதும் ஆய்வைத் தொழிலாக்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

நம் ஊரில் இதை யார் செய்கிறார்கள் என்று கேட்கலாம். மின்சாதனங்களில் ‘சிரிம்’ ஒட்டுவில்லையைப் பார்த்திருப்பீர்கள். சிரிம் தரச் சான்றிதழ் தரும் அமைப்பு மட்டுமன்று. தொழில்துறைக்கான ஆய்வு நிறுவனமும்கூட. அறிவியலில் ஆர்வமுள்ளவர் எல்லாரும் புதிதாக எதையாவது கண்டுபிடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கண்டுபிடித்ததை லட்சம் முறை பிசகாமல் நடக்க வைப்பவர்களும் அறிவியலாளர்களே. உற்பத்திப் பொறியாளர், பொருளறிவியலாளர், தரச் சோதனையாளர் என்று அவர்களுக்குப் பல பெயர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். மடித்த அலுமினியத் தாள் ஒன்றையும், தோலுரித்த செப்புக் கம்பி ஒன்றையும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் வையுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அவற்றில் இணையுங்கள்.

பாடநூல் எண்களின்படி 2 வோல்ட் வர வேண்டும். மீட்டரில் அரை வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். அலுமினியத்தின்மேல் உள்ள ஆக்சைடு படலம் ஒரு காரணம். பாடநூல் சொல்லும் செறிவில் உலோக அயனிகள் உங்கள் குவளையில் இல்லாதது இன்னொரு காரணம்.

இப்போது அலுமினியத் தாளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். பிறகு, உங்கள் வகுப்பில் பத்துப் பேரை இதையே செய்யச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ஒரே எண் வருகிறதா? வரவில்லையென்றால் ஏன் என்று பட்டியலிடுங்கள்: உப்பின் அளவு, தாளின் பரப்பு, தேய்த்த விதம், காத்திருந்த நேரம். பத்துப் பேருக்கும் ஒரே விடை வரும்படி செய்முறையை ஒரு பக்கத்தில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். கம்பித் தொழிற்சாலையின் பொறியாளர் ஒவ்வொரு நாளும் செய்யும் வேலை அதுதான்.